துபாய் 4 மணி நேரம்தான்... கடம்பூரிலிருந்து கிளம்பினால்?

'மதுரை டு துபாய் 4 மணி நேரம்' என்று டிக்கெட்டில் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், கோவில்பட்டி பக்கம் கடம்பூரிலிருந்து கிளம்புகிறவருக்கு அது மொத்தப் பயணத்தில் பாதிகூட இல்லை. மழையை நம்பியிருக்கும் கரிசல் பூமியிலிருந்து வளைகுடா வேலைக்குப் போகிறவருக்கு மீதி நேரம் என்பது கார் வாடகை, தூக்கம், லீவு நாள் எல்லாம் சேர்ந்ததுதான்.

வானத்தில் ஒரே தூரம்

துபாய்க்கு நேர்க்கோட்டுத் தூரம் மதுரையிலிருந்து சுமார் 2,950 கி.மீ. திருவனந்தபுரத்திலிருந்தும் கிட்டத்தட்ட அதேதான். சென்னையிலிருந்து சுமார் 2,935 கி.மீ. மூன்றுக்கும் 20 கி.மீ.கூட வித்தியாசம் இல்லை! துபாய் நமக்கு வடமேற்கில் இருக்கிறது. சென்னை கிழக்கே தள்ளி இருந்தாலும், வடக்கே இருப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது.

தரையில்தான் வித்தியாசம்

கடம்பூரிலிருந்து மதுரை ஏர்போர்ட் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 3 மணி நேரம் முன்னாடியே போகணும். பறக்கும் நேரத்தையும் சேர்த்தால் 9 மணி நேரம் தாண்டிவிடும். திருவனந்தபுரம் என்றால் ரோட்டிலேயே 4 மணி நேரம் போய்விடும். மொத்தம் 11 மணி நேரத்துக்குமேல். ராத்திரி ரயிலில் சென்னை போய் விமானம் ஏறினால் 18 மணி நேரம் ஆகலாம்.

அப்போ எல்லோரும் மதுரைக்கே போகலாமே? அங்கேதான் சிக்கல். இந்தியா - அமீரக விமான ஒப்பந்தத்தில் மதுரை இல்லாததால், அமீரக நிறுவனங்கள் அங்கிருந்து விமானம் இயக்க முடியாது. இந்திய நிறுவனங்கள் விட்டால்தான் உண்டு. கூடுதல் விமானங்கள் வேண்டும் என்றால் திருவனந்தபுரமோ சென்னையோதான் போகணும்.

பக்கத்திலேயே ரன்வே

கடம்பூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடி, வாகைக்குளம் ஏர்போர்ட். 1,350 மீட்டர் ரன்வே இருந்தவரை ஏ.டி.ஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்கின. இப்போது அது 3,115 மீட்டர். சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையத்தை 2025 ஜூலை 26-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அங்கிருந்து துபாய் சுமார் 3,020 கி.மீ; மதுரையைவிட 70 கி.மீ.தான் அதிகம். விமானத்துக்கு அது ஐந்தாறு நிமிஷம்!

ஆனால், ரன்வே நீளம் மட்டும் போதாது. வெளிநாட்டுச் சேவைக்குக் குடியேற்றம், சுங்கப் பரிசோதனை வசதிகள் வேண்டும். ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். சீட் நிரம்பும் என்று விமான நிறுவனமும் நம்பணும். 'பெரிய விமானம் இறங்கும்' என்ற அறிவிப்போடு நம் ஊர் எம்.பி-க்கள் நின்றுவிடாமல், இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

டிக்கெட் போடும் முன்...

துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். பகல் 12-க்குக் கிளம்பி 2.30-க்கு இறங்குவதாக இருந்தால், பயணம் இரண்டரை மணி நேரம் இல்லை. நாலு மணி நேரம். திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ்.

விலை பார்க்கும்போது ஊரிலிருந்து ஏர்போர்ட் வரையிலான கார் வாடகையையும் கூட்டிப் பாருங்க. சில நூறு ரூபாய் மிச்சம் என்று தூரத்து ஏர்போர்ட்டில் டிக்கெட் போட்டால், அந்தப் பணம் ரோட்டிலேயே கரைந்துவிடும்.