ஆங்கிலம் பயில்வோம்: ‘வாங்கு’ என்னும் வினை



ஆங்கிலத்தில் நம்மை இடறச் செய்பவை நீண்ட பெருஞ் சொற்களே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பெருஞ் சொல்லைக் கண்டதும் நாம் அகராதியைப் புரட்டுகிறோம். பிழை நேராமல் தப்பிவிடுகிறோம். மூன்று நான்கு எழுத்தேயுடைய சிறு வினைச்சொற்களையோ, ‘இதுதான் தெரியுமே’ என்று அலட்சியமாக எழுதிவிடுகிறோம். பிழை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இவ்வாரம் அத்தகைய வினைகள் சிலவற்றை ஆராய்வோம்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்திய தோட்டப்புற மாணவி ஒருத்தி வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘சென்ற வருடம் தராதரப் பத்திரம் வாங்கினேன்’ என்பது அவள் உள்ளத்தில் எழும் வாக்கியம். தமிழிற் குற்றமொன்றும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுங்கால், ‘வாங்கு’ என்றால் ‘பை’ என்று முன்னர் மனனஞ் செய்தது நினைவுக்கு வருகிறது. அதன் இறந்தகால வடிவமாகிய ‘பாட்’ என்பதை இட்டுவிடுகிறாள். விண்ணப்பத்தை வாசிக்கும் அதிகாரிக்கு அவ்வாக்கியம் தரும் பொருள் யாது? ‘தராதரப் பத்திரத்தைக் காசு கொடுத்து வாங்கினேன்’ என்பதே! பதினொரு வருடம் பாடுபட்டுப் படித்துப் பெற்ற பத்திரம், ஒரே சொல்லாற் களவுப் பொருள்போல் ஆகிவிடுகிறது.

இதற்குக் காரணம் என்ன? தமிழில் ‘வாங்கு’ என்பது, ஒரு பொருள் பிறர் கையினின்று நம் கைக்கு வருதலைக் குறிக்கும். பணம் கைமாறியதா என்று அது கேட்பதில்லை. ஆங்கிலத்துப் ‘பை’ என்பதோ பணத்தைத்தான் முதலிற் கேட்கும்.

ஆதலால், வரக்காப்பொலக் கடையிலே தலகுலி வாங்கினால் அது ‘பை’. அயல்வீட்டிற் கடன் வாங்கினால் ‘பாரோ’. போட்டியிற் பரிசு வாங்கினால் ‘வின்’. மாத முடிவிற் சம்பளம் வாங்கினால் ‘ரிஸீவ்’ அல்லது ‘கெட்’. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக மருந்து வாங்கினாலும் ‘கெட்’ என்பதே பொருந்தும். 1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் நம் பாடசாலைகளுக்கு இலவசமாக வழங்கிவரும் பாடநூல்களுக்கும் ‘பை’ பொருந்தாது. நம் மாணவிக்கு வேண்டியதும் ‘ரிஸீவ்’ என்பதே.

இத்தொல்லை தமிழருக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. நம் அயலிலே வாழும் சிங்கள மாணவரின் மொழியிலும் ‘கன்னவா’ என்னும் வினை எடுத்தல், பெறுதல், விலைக்கு வாங்குதல் ஆகிய எல்லாவற்றுக்கும் வழங்குகிறது. அவர்களும் இதே இடத்திற்றான் இடறுகின்றனர்.

நிற்க. கேகாலைப் பகுதியிற் பிறந்தோர் நன்கறிந்த மற்றொரு வினையைப் பார்ப்போம். இறப்பர் மரத்திற் பால் வெட்டுகிறோம், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறோம், கான் வெட்டுகிறோம், விறகுக்கு மரம் வெட்டுகிறோம். தமிழில் எல்லாம் ‘வெட்டு’ என்னும் ஒரே வினைதான். ஆங்கிலத்தில் பால் வெட்டுதற்கு ‘டாப்’, கவ்வாத்துக்குப் ‘ப்ரூன்’, கானுக்கு ‘டிக்’, மரத்தை வீழ்த்துதற்கு ‘கட் டவுன்’ அல்லது ‘பெல்’ என நான்கு வினைகள் உள. ‘நேற்று 300 இறப்பர் மரம் வெட்டினோம்’ என்று பால்வெட்டுத் தொழிலாளி கூறுவதை, மொழிபெயர்ப்பவர் ‘கட்’ என்று எழுதிவிட்டால், பட்டையைச் சிறிதளவு சீவிப் பாலெடுத்தவர் தோட்டத்தையே அழித்தவராகிவிடுவார். நேரிற் பேசும்போது பிழை நேர்ந்தாலும், முகங்கண்டு திருத்திக்கொள்ளலாம். கடிதமோ நம்மை விட்டுத் தனியே செல்கிறது. அதனுடன் கூடச் சென்று விளக்கஞ் சொல்ல நம்மால் இயலாது.

இனி, இப்பிழையினின்று தப்பும் வழியைக் காண்போம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றி ஆலோசனை கூற 1922இல் அந்நாடு சென்ற ஹரல்ட் பாமர் என்னும் ஆங்கிலேய அறிஞர், எந்தச் சொல்லுடன் எந்தச் சொல் சேர்ந்து வரும் என்பதைத் தொகுத்து, 1933இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஹோர்ன்பி, தம் நண்பர் இருவரோடு சேர்ந்து பிறமொழி மாணவருக்கென்றே ஓர் அகராதி ஆக்கினார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அந்நூலை 1948இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர் பலர் கையாளும் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதி அதன் வழிவந்ததே. பொருளை மட்டும் கூறாது, வினையை வாக்கியத்தில் அமைக்கும் முறையையுங் காட்டுவது அதன் சிறப்பு.

அவ்வறிஞர் காட்டிய நெறி எளிது. வினையைத் தனியே கற்கலாகாது. அதனுடன் வரும் பெயரோடு சேர்த்தே கற்றல் வேண்டும். உங்கள் குறிப்புப் புத்தகத்தில் ‘வாங்கு: பை’ என்று ஒற்றை வரியாக எழுதாதீர்கள். ‘சம்பளம் வாங்கு’, ‘கடன் வாங்கு’, ‘பரிசு வாங்கு’ எனத் தனித்தனி வரிகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய ஆங்கில வினையை எதிரே குறியுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் இவ்விதியே செல்லும். ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று கற்றிருப்பீர்கள். ஆனால் அதனோடு ‘மெடிஸின்’ சேர்ந்தால் மருந்து குடித்தல்; ‘எக்ஸாம்’ சேர்ந்தால் பரீட்சை எழுதுதல்; ‘பஸ்’ சேர்ந்தால் பஸ்ஸிற் செல்லுதல். பக்கத்தில் நிற்கும் பெயரைப் பார்த்த பின்னரே வினையின் பொருளைத் துணிதல் வேண்டும்.

நமது அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக விதித்துள்ளது. இணைக்க வந்த மொழி, சிறு சொல்லொன்றின் பிழையால் நம்மைப் பற்றித் தவறான எண்ணத்தைப் பிறருக்கு உண்டாக்கலாகாதல்லவா?

பெற்றோர்களே, இன்று மாலை பிள்ளைகளுடன் அமர்ந்து ‘போடு’ என்னும் வினையை ஆராய்ந்து பாருங்கள். சட்டை போடுகிறோம், உரம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையொப்பம் போடுகிறோம். இந்நான்குக்கும் உரிய ஆங்கில வினைகள் எவை? அகராதியைத் திறக்குமுன் ஒவ்வொருவரும் ஒரு விடை எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு இப்பகுதியில் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.