ஃப்ரிட்ஜ் கேஸை நிறுத்தியவர்கள் கரிப்புகையை ஏன் நிறுத்தவில்லை?

சென்ற இதழில் ஃப்ரிட்ஜை எப்படிச் சுத்தம் செய்வது, பின்பக்கத்துத் தூசியை எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைப்பது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் போட்டிருக்கிறார். கைக்குழந்தைக்காரி. ஃப்ரிட்ஜில் கேஸ் போய்விட்டதாம். ரிப்பேருக்கு வந்தவர், "அந்தக் காலத்துல வேற கேஸும்மா. ஓசோன்ல ஓட்டை விழுதுன்னு உலகம் பூரா நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சகோதரிக்கு உடனே ஒரு சந்தேகம். 'உலகம் முழுக்கச் சேர்ந்து ஒரு கேஸை நிறுத்த முடிந்தது என்றால், வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போகிறதே, அதற்குக் காரணமான புகையை மட்டும் ஏன் நிறுத்த முடியவில்லை? என் வீட்டுக்காரரைக் கேட்டால், "அதெல்லாம் அரசியல், உனக்கு எதுக்கு" என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

'அதெல்லாம் அரசியல்' என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 'உனக்கு எதுக்கு' என்றாரே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்து 2024ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் உஷ்ணத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது போன்ற ஆபத்துகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதில் தெரிய வந்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று போகிறவர்கள் நம் பெண்கள்தானே? நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு இந்தக் கேள்வி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வெயில் கொளுத்துவது ஓசோன் ஓட்டையால்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஓசோன் என்பது ஆகாயத்தில் மிக உயரத்தில் இருக்கும் ஒரு மெல்லிய திரை. சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுப்பது அதன் வேலை. திரை கிழிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். உஷ்ணம் ஏறுவதற்குக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசலை எரிப்பதால் சேரும் கரியமில வாயு. பூமியின் மேல் போர்த்திய கம்பளி மாதிரி அது. வெப்பத்தை வெளியே விடாது. இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி என்பது உங்களுக்குத் தெரியுமோ? யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கர். கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சுடுகிறது என்று கண்டுபிடித்தார். அவருடைய கட்டுரை 1856ல் விஞ்ஞானிகள் சபையில் படிக்கப்பட்டது. படித்தவர் என்னவோ ஓர் ஆண்தான்!

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம்.

ஆரம்ப கால ஃப்ரிட்ஜுகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு போன்ற விஷ வாயுக்களை ஊற்றியிருந்தார்கள். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் விஷமில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயுவைத் தயாரித்தார்கள். குளோரோஃபுளோரோகார்பன் என்று வாய் சுளுக்கும் பெயர். அவர் அதை எல்லோர் முன்னிலையிலும் மூச்சில் இழுத்து, ஊதி ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினாராம். வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்தது அந்த வாயுவின் புண்ணியத்தால்தான். அப்புறம் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, வாசனை ஸ்ப்ரே எல்லாவற்றிலும் அதையே அடைத்தார்கள்.

1974ல் கலிபோர்னியாவில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இந்த வாயு மேலே போய் ஓசோனைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வேலை எப்படிப் போகிறது என்று ரோலண்டின் மனைவி கேட்டதற்கு, "வேலை நன்றாகத்தான் போகிறது, ஆனால் உலகத்துக்கே முடிவு வந்துவிடும் போலிருக்கிறது" என்றாராம் அவர். செய்தி பரவியதும் அமெரிக்கக் குடும்பப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடையில் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். சட்டம் வந்தது 1978ல். விற்பனை அதற்கு முன்பே கடகடவென்று இறங்கிவிட்டது.

கம்பெனிகள் முதலில் சும்மா இருக்கவில்லை. 'நிரூபணம் எங்கே?' என்று கேட்டார்கள். 1985ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் தென்துருவத்தின் மேல் ஓசோன் பெரிய அளவில் குறைந்துபோனதை அளந்தே காட்டிவிட்டார்கள். அப்போதும் அமெரிக்க மந்திரி ஒருவர், ஒப்பந்தம் எதற்கு, ஜனங்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் போதாதா என்ற யோசனையில் இருப்பதாகப் பத்திரிகைகளில் வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவில் ரீகன், பிரிட்டனில் தாட்சர். இரண்டு பேருமே கம்பெனிகளுக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. தாட்சர் அம்மையார் ரசாயனம் படித்தவர், விஷயம் புரிந்தது என்பது ஒரு காரணம். மாற்று வாயு தயாராகிவிடும் என்ற தைரியம் பெரிய கம்பெனியான டுபாண்டுக்கு வந்துவிட்டது என்பது இன்னொரு காரணம். எனக்கு என்னவோ இரண்டாவதுதான் பெரிது என்று படுகிறது.

நம் நாடு உடனே சேரவில்லை. 'ஓட்டை போட்டது நீங்கள், தைக்கும் செலவு மட்டும் எங்களுக்கா?' என்று கேட்டது. 1990ல் லண்டனில் கூடியபோது நம் சுற்றுச்சூழல் மந்திரியாகப் போயிருந்தவர் மேனகா காந்தி. ஏழை நாடுகள் வாயுவை மாற்றிக்கொள்ளப் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாக நின்றார். சீனாவும் அதையே கேட்டது. அதற்கென்று தனி நிதி ஏற்பட்டது. 1992ல் இந்தியா சேர்ந்தது. 2010க்குள் நம்மைப் போன்ற நாடுகளிலும் அந்தப் பழைய வாயு நின்றது.

இப்போது கரிப்புகைக்கு வாருங்கள். இதிலும் எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்தது. எக்ஸான் என்ற எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானியே 1977ல் மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார். அவர்கள் வீட்டு விஞ்ஞானிகள் அப்போது போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்று 2023ல் ஓர் ஆராய்ச்சி ஒப்பிட்டுச் சொன்னது. ஆனால் வெளியில்? 1989ல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள் எல்லாம் ஒன்றுகூடி ஒரு சங்கம் வைத்து, பத்து வருஷத்துக்கு மேல் 'இன்னும் உறுதியாகவில்லை' என்றே பிரசாரம் செய்தன. சந்தேகத்தை விதைத்தால் போதும், தாமதம் தானாக விளைந்துவிடும் அல்லவா?

கம்பெனிகள் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. குளிர்வாயு செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். யாரும் நம்மை ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கேஸை மாற்றினார்கள், நமக்குத் தெரியக்கூட இல்லை. நிலக்கரி அப்படியா? நம் நாட்டு மின்சாரத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு அதில்தான் வருகிறது. ரயில்வேக்குச் சரக்குக் கட்டணத்தில் அதிக வருமானம் தருவதும் நிலக்கரிதான். அந்த லாபத்தில்தான் நம் டிக்கெட் மலிவாக இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநில அரசுகளுக்குச் சுரங்கத்திலிருந்து வரும் பணம் வேறு. இதில் எந்த நூலை இழுத்தாலும் ஒரு ஓட்டு வங்கி அவிழும். எந்த மந்திரி துணிந்து கை வைப்பார்?

கை வைத்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோமே. ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்ட் என்ற பெண் பிரதமர் 2012ல் கரிப்புகைக்கு விலை வைத்தார். 'உங்கள் கரண்ட் பில் ஏறப்போகிறது' என்று எதிர்க்கட்சி வீட்டு வாசல்தோறும் சொல்லி, ஆட்சியைப் பிடித்து, 2014ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டது. பிரான்சில் 2018ல் டீசல் வரியை ஏற்றப்போக, ஜனங்கள் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அரசு பின்வாங்கியது.

நம் பாஷையில் சொன்னால் இது ஒரு சீட்டு. மாதா மாதம் கட்டுவது நான், எடுப்பது என் பேத்தி. அதுவும் நான் கட்டினால் போதாது, தெருவிலிருக்கும் அத்தனை பேரும் கட்ட வேண்டும். 'அவங்க கட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்தவரும் பையை மூடிவிடுவார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு இந்தச் சீட்டில் ருசி இருக்குமா?

அமெரிக்கா செய்தது அதுதான். 1997ல் ஜப்பானின் கியோட்டோவில் ஒப்பந்தம் வருவதற்குச் சில மாதம் முன்பே, இந்தியா, சீனா போன்ற நாடுகளும் குறைக்கச் சம்மதிக்காத எந்த ஒப்பந்தத்திலும் சேரக்கூடாது என்று அவர்கள் செனட் சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 95, எதிர்ப்பு பூஜ்யம்! பிறகு பாரிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள், விலகினார்கள், 2021ல் திரும்பச் சேர்ந்தார்கள், 2025 ஜனவரியில் மறுபடி விலக உத்தரவு போட்டார்கள். புக்ககத்துக்கும் பிறந்தகத்துக்கும் நடக்கிற பெண் மாதிரி.

இன்னொரு முடிச்சு இருக்கிறது, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் வேறு வழியில்லையென்றால் ஓட்டெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றால் கட்டுப்பாட்டை இறுக்கலாம். கரிப்புகை பற்றிய மாநாடுகளிலோ, ஓட்டெடுப்பு எப்படி என்ற விதியையே இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் காரியம். கல்யாணப் பேச்சில் ஒரே ஒரு பெரியப்பா முறுக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? எண்ணெய் விற்றே வாழும் நாடுகளும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் 2023ல் துபாயில் நடந்த 28வது மாநாட்டில்தான் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் விலகிப் போக வேண்டும் என்ற வாசகமே இடம் பெற்றது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில், அதற்கு ஒரு வழிமுறை வேண்டும் என்று 80க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டும், இறுதித் தாளில் அந்தப் பேச்சையே காணோம்.

நம் நாடும் முறுக்கிக்கொண்டதுண்டு. 2021ல் கிளாஸ்கோவில், நிலக்கரியை 'படிப்படியாக ஒழிப்பது' என்று இருந்ததை 'படிப்படியாகக் குறைப்பது' என்று கடைசி நேரத்தில் மாற்ற வைத்தோம். மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே கண் கலங்கினார். ஆனால் நம் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஓர் அமெரிக்கர் வருஷத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். நம்மவர் சுமார் 2 டன். எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு நிலக்கரியை மட்டும் குறி வைப்பானேன் என்று கேட்டதில் தப்பென்ன? மேனகா காந்தி கேட்டபோது பணம் வந்தது. இந்த விஷயத்தில் பணக்கார நாடுகளின் கை அவ்வளவு சுலபத்தில் நீளவில்லை. இதெல்லாம் சரி. ஆனால் சூளையில் கல் சுமக்கிற கர்ப்பிணிக்கு, சூடு யார் பங்கு என்று பிரித்தா இறங்குகிறது? நியாயம் பேசுவதோடு நம்மவர்கள் காரியத்தையும் வேகமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கரூர் சகோதரிக்கு ஒரு வார்த்தை. பழைய வாயுவுக்குப் பதிலாக முதலில் வந்தது ஆர்-134ஏ. அது ஓசோனைத் தொடாது, ஆனால் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இப்போதைய ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் ஆர்-600ஏ. இது நம் சமையல் கேஸின் நெருங்கிய உறவு, ஆகவே தீப்பற்றும். உள்ளே இருப்பது கொஞ்சம்தான், பயம் வேண்டாம். எந்த கேஸ் என்று ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும். 600ஏ என்றால் பயிற்சி பெற்றவரை மட்டும் கூப்பிடுங்கள். அவர் வேலை செய்கையில் அடுப்பு, ஊதுவத்தி எல்லாம் அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பழைய ஃப்ரிட்ஜைக் கழிப்பதானால், வாசலில் வைத்துக் குழாயை வெட்டி கேஸைத் திறந்து விட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அந்த 134ஏ வகையறாவையும் குறைக்க வேண்டும் என்று 2016ல் ருவாண்டாவின் கிகாலி நகரில், மாண்ட்ரியல் ஒப்பந்தத்திலேயே ஒரு திருத்தம் சேர்த்தார்கள். 95க்குப் பூஜ்யம் என்று தீர்மானம் போட்ட அதே அமெரிக்க செனட், 2022ல் இதை 69க்கு 27 என்ற கணக்கில் ஏற்றது. மாற்று வாயு அவர்கள் கம்பெனிகளின் கையில் தயாராக இருந்ததுதான் ரகசியம். நாம் 2021லேயே ஏற்றுவிட்டோம். 2028ல் அந்த வாயுக்களின் உபயோகத்துக்கு உச்சவரம்பு கட்ட வேண்டும், 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இன்று உங்கள் மடியில் இருக்கும் குழந்தைக்கு அப்போது இருபது வயது தாண்டியிருக்கும். தென்துருவத்து ஓசோன் 2066 வாக்கில் 1980ல் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும் என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அந்தக் குழந்தைக்கு நாற்பது. நிலக்கரியை உலகம் முழுவதும் இந்த வருஷத்தோடு நிறுத்துகிறோம் என்று மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் இன்னும் எழுதவில்லை.