கீவேர்டு திணித்தால் கல் விற்காது

"சைட் முதல்ல ரெடியாகட்டும் அண்ணே, எஸ்.இ.ஓ.வை அப்புறம் பார்த்துக்கலாம்." காரைக்குடியில் இணையதளம் செய்து தரும் தம்பிகள் கடைக்காரர்களிடம் தவறாமல் சொல்லும் வாசகம் இது. கடைக்காரரும் சரி என்று விடுகிறார். தளம் வந்த பிறகு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து, செட்டிநாடு, காரைக்குடி, ஆத்தங்குடி என்று வரிசையாகக் கீவேர்டுகளை அடைத்துவிட்டால் கூகுள் முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. சுத்தமான மூடநம்பிக்கை. சரக்கு முழுவதையும் டேட்டாபேஸில் வைத்து, கேட்கும்போது எடுத்துக் காட்டும் தளங்களுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

கீவேர்டு சங்கதி சீக்கிரம் முடிந்துவிடும். பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாக எழுதும் கீவேர்டு மெட்டா குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. இன்றைக்கும் அதற்குப் பில் போடுகிறார்கள்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை விற்கும் ஒரு தளத்தை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். முகப்பில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றும் படம், அருமையாக எடுத்திருக்கிறார்கள். கீழே நிறம், அளவு, டிசைன் என்று மூன்று பெட்டிகள். தேர்ந்தெடுத்து 'தேடு' என்று அழுத்தினால் கற்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றைத் தொட்டால் பெரிதாகத் திறக்கிறது, ஆனால் மேலே முகவரிப் பட்டையில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. எந்தக் கல்லைத் திறந்தாலும் பக்கத் தலைப்பு 'ஹோம்' என்றே நிற்கிறது. அந்தத் தளத்திலிருந்து கூகுள் எடுத்து வைத்திருப்பது எவ்வளவு என்று தேடினால் மூன்று பக்கங்கள் வந்தன: முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு. கல் ஒன்றுகூட இல்லை.

இதில் கூகுளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் க்ராலர் லிங்க்கைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போகும் நிரல். பெட்டியில் நிறத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தும் பழக்கம் அதற்கில்லை. கேட்டால்தான் கண்டாங்கிச் சேலையை எடுத்துப் போடுவோம் என்று ஜவுளிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தால், வாய் பேசாத வாடிக்கையாளர் மூடிய அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். க்ராலர் அப்படிப்பட்ட வாடிக்கையாளர். சில தளங்களின் படிவங்களைத் தானே நிரப்பிப் பார்க்கும் முயற்சியைக் கூகுள் 2008-இல் அறிவித்தது உண்மைதான். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கவும் இன்று அதற்குத் தெரியும். அப்படியும் சொந்த முகவரி இல்லாத கல்லை அது எங்கே என்று பதிந்து வைக்கும்?

இதைச் சொன்னால் சிலர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். டேட்டாபேஸ் தளம் என்றாலே கூகுளுக்கு ஆகாது, ஒவ்வொன்றையும் தனித்தனி ஹெச்.டி.எம்.எல். பக்கமாக எழுது என்கிறார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. முகவரியில் 'ஐ.டி.' என்ற குறி வந்தால் அந்தப் பக்கத்தைச் சேர்ப்பதில்லை என்று கூகுளின் வழிகாட்டுதலிலேயே ஒரு காலத்தில் எழுதியிருந்தது. அந்த வரி எப்போதோ போய்விட்டது. டைனமிக் முகவரியைச் சிரமப்பட்டு ஸ்டாட்டிக் போல மாற்ற வேண்டாம் என்று 2008-இல் அவர்களே சொன்னார்கள்.

கூகுளின் வார்த்தைகூட வேண்டாம், தமிழிலேயே சாட்சி இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அத்தனையும் டேட்டாபேஸில்தான் கிடக்கின்றன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் தளமும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது. அங்கே ஒரு நூலுக்கு ஒரு பக்கம், அதற்கு மாறாத ஒரு முகவரி, அதில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் படமாக இல்லாமல் எழுத்தாக, அந்தப் பக்கத்துக்கு வந்து சேரப் பட்டியல்களிலிருந்து லிங்க். மறந்துபோன ஒரு சிற்றிதழின் பெயரைத் தட்டினால் அது வந்து நிற்பதற்கு இந்த அமைப்பே காரணம். தளத்தைக் கட்டும்போதே முடிந்த வேலை இது.

பொருளுக்கு முகவரி என்ற கதவே இல்லாதது ஒரு கேடு என்றால், கதவு பெருகிப்போவது இன்னொரு கேடு. எட்டு நிறம், மூன்று அளவு, ஐந்து விலை வரம்பு, நான்கு வரிசைமுறை என்று வடிகட்டி வைத்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு முகவரியை உண்டாக்கினால் 480 முகவரிகள். உள்ளே கிடப்பது அதே நூறு கற்கள். வருகிறவருக்கெல்லாம் ஒரு செஷன் எண்ணையும் முகவரியில் ஒட்டினால் கணக்கே கிடையாது. க்ராலர் அதற்குள் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போகும், உண்மையான சரக்குப் பக்கத்துக்கு வந்து சேர நாளாகும். இவற்றில் மூலப்பக்கம் எது என்று அறிவிக்கும் கேனானிகல் குறியை 2009-லேயே கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஏற்றுக்கொண்டன. பக்கத்துக்கு ஒரு வரி எழுதினால் தீர்கிற விஷயம்.

எனக்கு அதிகம் வலிப்பது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளை நினைக்கும்போதுதான். பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம், பித்தளைப் பாத்திரம் என்று அங்கே இருப்பதில் பெரும்பாலானவை ஒற்றைப் பொருட்கள், இரண்டாவது பிரதி கிடையாது. விற்றதும் டேட்டாபேஸிலிருந்து அந்த வரியை அழித்துவிடுவதுதான் நடைமுறை. பக்கமும் அதோடு போகிறது. அதற்கு லிங்க் கொடுத்தவர்கள், அதைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் 'மன்னிக்கவும்' என்ற வெற்றுப் பலகையில் முட்டிக்கொள்கிறார்கள். 'விற்றாயிற்று' என்று எழுதி அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவைத்து, கீழே அதே வகைப் பொருட்கள் நாலைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? விற்றுப்போன தூணின் படமும் அளவும் அது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பும் பத்து வருஷம் கழித்தும் ஒரு கட்டடக் கலைஞரை அந்தக் கடைக்கு அழைத்து வரும்.

மேப்பில் கடை இருக்கிறது, இன்ஸ்டாவில் படம் போடுகிறோம், அது போதாதா என்று கேட்கிறார்கள். மேப் கடைக்கு வழி காட்டும், உள்ளே இருக்கும் கல்லைக் காட்டாது. இன்ஸ்டாவில் போட்ட படம் அடுத்த வாரமே அடியில் போய்விடும். இதற்கிடையில் 'ஆத்தங்குடி மாடல்' என்ற பெயரில் மெஷினில் அச்சடித்த செராமிக் டைல்ஸுக்குப் பெரிய நிறுவனங்களின் தளங்களில் டிசைனுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. சேலையிலும் இதே நிலைதான்: காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது தறிக்காரரின் பக்கமா, கைமாற்றி விற்பவரின் பக்கமா என்பதைக் குறியீடு தீர்மானிப்பதில்லை.

ஆகவே தளம் செய்யக் கொடுக்கும் வியாபாரிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்: பொருளுக்கு ஒரு நிலையான முகவரி, அதற்கே உரிய தலைப்பு, பட்டியலிலிருந்து நேரடி லிங்க், எல்லா முகவரிகளையும் க்ராலருக்குப் பட்டியலிட்டு, சரக்கு சேரும்போது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சைட்மேப். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை கொள்ளும், எந்தக் கடைக்கும் அது தாராளம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு கல்லைத் திறந்து, அந்த முகவரியை மட்டும் வேறொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். அவர் கைப்பேசியில் அதே கல் திறக்காமல் முகப்புப் பக்கம் வந்தால், பணத்தைக் கொடுக்காதீர்கள்.