பொதுப்பணமும் பெண்மக்களும்

நாம் செலுத்தும் தீப்பெட்டி வரியில் ஆணுக்கொரு வீதம், பெண்ணுக்கொரு வீதம் என்பதில்லை. இருபாலாரும் செலுத்தும் அப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியில் மட்டும் பெண்ணுக்கு இடம் குறையலாமா?

நம் கேரளத்து மலைநாடாகிய பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1940-இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூரில் சி. வி. இராமனிடம் வைரங்களை ஆராய்ந்தார். ஆய்வேடு அளித்தும், முதுகலைப் பட்டமில்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் தளரவில்லை. அரசாங்க உதவியால் 1945-இல் இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பி வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களைச் செம்மைப்படுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். மழைச் செய்திக்குக் காத்திருக்கும் நம் சித்தூர் உழவர்க்கும் அப்பயனில் பங்குண்டன்றோ!

குடும்பப் பொறுப்பால் ஆய்வை இடையில் நிறுத்திய பெண்கள் மீண்டும் தொடர, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் தனித் திட்டம் தொடங்கிற்று. நன்றே. எனினும், கதவைத் திறப்பது அரசு. மகளை அனுப்புவது வீடு. பி.எஸ்ஸி. முடித்தவளிடம் "படித்தது போதும்" என்னுமுன், அன்பர்களே, சற்றே எண்ணிப் பார்ப்போமாக.