ஆய்வுக்கு வருபவரையும் கேட்க வேண்டும்

“என் பிள்ளை என்ன, சோதனை எலியா?” மதியிறுக்கம் உள்ள இளையரை மருத்துவ ஆய்வு ஒன்றில் சேர்க்க அழைக்கும்போது, பெற்றோர் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனைக்கும் பயிற்சி வகுப்புக்கும் அலைந்து களைத்த குடும்பத்திடம் இன்னும் சில நாள்களைக் கேட்பது எளிதன்று. ஆயினும், முன்பு சில குடும்பங்கள் அந்த நாள்களைக் கொடுத்ததால்தான் இன்றைய பெற்றோர் ஒரு பெரும் பழியிலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தை 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கேனர், 11 குழந்தைகளைக் கவனித்து விவரித்தார். அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஒரு தவறான கருத்து மருத்துவர்களிடையே வேரூன்றியிருந்தது. தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றார்கள். ‘குளிர்பதனப் பெட்டித் தாய்மார்’ என்று ஒரு பெயரும் சூட்டினார்கள். பிள்ளையை வளர்க்கப் படும் பாடு ஒருபுறம், ஊர் சொல்லும் பழி மறுபுறம் எனத் தாய்மார் தவித்தனர்.

1977இல் பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இணை இரட்டையரை ஆராய்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்காவது மதியிறுக்கம் இருந்தது. உருவொத்த இரட்டையர் 11 இணைகளில், 4 இணைகளில் இருவருக்குமே அது காணப்பட்டது. உருவொவ்வாத 10 இணைகளில் ஒன்றில்கூட இருவருக்கும் அது இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு ஏன் வர வேண்டும்? மரபணுவுக்குப் பங்குண்டு என்பது தெளிவாயிற்று. தாய்மார்மேல் சுமத்திய பழி ஆட்டங்கண்டது. இதற்குத் தேவைப்பட்டவர்கள் வெறும் 21 இணையரே. அவர்களுள் எவருக்கும் அந்த ஆய்வால் நோய் தீரவில்லை என்பதையும் மறக்கலாகாது.

செக்ரெட்டின் கதை இன்னும் கூர்மையானது. செக்ரெட்டின் என்பது சிறுகுடலில் சுரக்கும் ஓர் இயக்குநீர். வயிற்றுப் பரிசோதனைக்காக அதை ஊசிவழி பெற்ற மதியிறுக்கம் உள்ள மூன்று குழந்தைகள் நன்றாகப் பழகத் தொடங்கினார்கள் என 1998இல் ஒரு செய்தி வெளிவந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அது பரவியது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தனர். மறு ஆண்டே 60 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவருக்கு வெறும் உப்புநீரும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. முடிவில் இரு பிரிவினரிடமும் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பிள்ளைகள் இயல்பாகவே வளர்கிறார்கள். நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின.

உப்புநீர் பெற்ற பிள்ளைகள் ஏமாற்றப்பட்டார்களா? இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் பயனற்ற ஊசி ஒன்று இன்னும் பல ஆண்டுகள் விற்பனையாகியிருக்கும். ‘பயனில்லை’ என்று கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புதான். ஆனால், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்வதுதான் நேர்மை. “உங்கள் பிள்ளைக்கு இதனால் எந்த நன்மையும் கிடைக்காமல் போகலாம், பின்னால் வருபவர்களுக்கு உதவலாம்” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தயங்கும் ஆய்வாளரிடம் எவரும் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை.

பெற்றோர் கையெழுத்திட்டதும் வேலை முடிந்துவிடுகிறதா என்பது அடுத்த கேள்வி. உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சிங்கி அறிக்கை முடியவில்லை என்கிறது. முழு ஒப்புதல் தர இயலாதவர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கக்கூடியவராக இருந்தால், அவரையும் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அதை மதிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2015இல் இயற்றப்பட்ட மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டமும், பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள இடந்தருகிறது.

“அவனுக்கு என்ன புரியும்? நாங்கள்தானே முடிவெடுக்க வேண்டும்” என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அன்பினால் சொல்வதுதான். ஆனால், மூளையைப் படமெடுக்கும் காந்த அலைக் கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் போவது யார்? அதன் இரைச்சல் சாதாரண மனிதருக்கே தொல்லை தருவது. ஒலியைத் தாங்க முடியாத ஓர் இளையருக்கு அது எப்படி இருக்கும் என்பதை அவரைத் தவிர வேறு யார் அறிவார்?

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. மதியிறுக்கம் உள்ள சிலர், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். “உனக்குச் சம்மதமா?” என்றால் “சம்மதமா” என்பார்கள். அதை ஒப்புதலாக எழுதிக்கொள்வது மோசடிக்குச் சமம். படங்களைக் காட்டி விளக்கலாம். ஓசையெழுப்பும் மாதிரிக் கருவியில் முதலில் படுத்துப் பார்க்கச் சொல்லலாம். சில ஆய்வுக்கூடங்களில் இவ்வாறு செய்கிறார்கள். பேசாத இளையரும் மறுப்பு சொல்வார். கையை இழுத்துக்கொள்வதும் கதவை நோக்கி நடப்பதும் அவருடைய ‘வேண்டாம்’ ஆகும்.

இதற்கெல்லாம் நேரமாகும், செலவும் ஆகும். அதற்குப் பயந்து, நன்றாகப் பேசுபவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஆய்வுகள் ஏராளம். அப்படிக் கிடைத்த முடிவைப் பேசாதவர்களுக்கும் பொருத்திப் பார்ப்பது எவ்வகையில் சரி? உதவி மிகுதியாகத் தேவைப்படுபவர்களே ஆய்வில் விடுபட்டுப் போகிறார்கள்.

ஆய்வாளர்களிடம் குடும்பங்கள் கேட்டு வாங்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இரத்தம் கொடுத்து, கேள்விகளுக்கு விடை கொடுத்து, வீடு திரும்பிய பல குடும்பங்களுக்கு அந்த ஆய்வு என்ன ஆயிற்று என்பதே தெரிவதில்லை. முடிவு எதுவாக இருந்தாலும், அதை ஒரு பக்கத்தில் எளிய நடையில் எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பங்கேற்ற இளையர் பார்த்துப் புரிந்துகொள்ளப் படங்களோடு ஒரு தாளும், அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற பாட்டி படிக்கத் தமிழில் ஒரு தாளும் அதனுடன் இருக்கட்டும்.