வேலிக்கு ஏற்ற செடி எது?

சைனிக்புரியில் புதிதாக வீடு கட்டிக் குடிபுகும் நம் அன்பர்கள், சுற்றுச்சுவரை மறைக்க விரைவில் வளரும் பசுஞ்செடி எதுவென்று அடிக்கடி வினவுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்வரை இவ்வூரில் அதற்குக் கிடைத்த விடை ஒன்றே: கோனோகார்ப்பஸ். யானும் அவ்விடையை நம்பினவனே. கருங்கல்லின்மேல் ஒரு முழம் மொரம் மண்ணே படிந்த எம் மனையில், சித்திரை வெயிலிலும் இலை வாடாது, இரண்டே ஆண்டில் ஆளுயரம் கடந்து நின்ற அதன் செழிப்பை என்னென்பது!

நான்காம் ஆண்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தால், இணைப்பின் வழியே நுழைந்த வேர் உள்ளே சடையாகத் திரண்டிருந்தது. மரத்தை நோவதிற் பயனில்லை. இதில் ஓரினம் சோமாலியா, ஏமன் நாடுகளின் வறண்ட நிலத்துக்குரியது; மற்றோரினம் அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைச் சதுப்புகளில் வளர்வது. ஈரத்தைத் தேடி வேரோட்டுவது அதன் இயல்பு. குழாயருகே நட்டது என் பிழை.

இதன் மகரந்தம் மூச்சுத்தொல்லை தருமென்பது மற்றொரு குற்றச்சாட்டு. அத்தொல்லை எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் தெலங்கானா அரசு 2022-இல் தன் மரநடுகைத் திட்டத்திலிருந்து இதனை விலக்கியது. குஜராத் 2023-இலும், தமிழ்நாடு 2025-இலும் தடைவிதித்தன.

முன்பே வளர்த்துவிட்டவர்கள் பதற வேண்டா. பூக்கவிடாது அடிக்கடி கத்தரித்து வரலாம். அடியோடு வெட்ட எண்ணினால், 2002-ஆம் ஆண்டின் நீர், நில, மரச் சட்டப்படி அனுமதி வேண்டுமா என்று வனத்துறையில் கேட்டறிந்தபின் வெட்டுக.

இனி நடுவோர்க்கு யான் சொல்வது மருதாணி. வறட்சி தாங்கும், கத்தரிக்கக் கத்தரிக்க அடர்ந்து தழைக்கும், முற்றிய கிளையில் முள்ளும் உண்டு, பூவின் மணமோ சொல்லத் தரமன்று. விரைவு மட்டும் குறைவு. மூன்றாண்டு பொறுக்க வேண்டும். நிழல் வேண்டுவோர் சுவரையும் குழாயையும் விட்டு விலகிப் புங்கோ மகிழோ வைக்கலாம்.

ஊர் வழக்கப்படி ஐப்பசி மழைக்குக் காத்திராதீர்கள். இங்கு மழை ஆனியிலேயே தொடங்கிவிடும். அப்போது பென்சில் பருமனுள்ள மருதாணிக் குச்சிகளை ஒரு சாண் நீளம் நறுக்கி, அடிக்கொன்றாக ஊன்றுக. ஆஷாட மாதத்தில் தெலுங்கு வீட்டுப் பெண்கள் கோரிண்டாகு கேட்டு வருவார்கள். கத்தரிக்கும் கூலி நமக்கு மிச்சம். முதலாண்டு மட்டும் பறிக்க விடாதீர்கள்.