மழை பெய்திருந்தால்...

"மழை பெய்திருந்தால் ஏரி நிரம்பியிருக்கும்."

வேப்பந்தட்டைப் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் வீடுகளில், இது எல்லோருக்கும் பழக்கமான பேச்சு. ஆனால் இதற்கு இரண்டு பொருள் உண்டு!

வறண்ட ஏரிக்கரையில் நின்று தகப்பனார் இதைச் சொல்கிறார். மழை பெய்யவில்லை, ஏரி நிரம்பவில்லை என்று அவருக்குத் தெரியும். இது ஏக்கம்.

சென்னையில் வேலை பார்க்கும் மகனும் இதையே சொல்கிறான். ஊரில் மழை உண்டா, இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. இது ஊகம்.

வாக்கியம் ஒன்றுதான். யார் சொல்கிறார், எங்கே சொல்கிறார் என்பதை வைத்து நாம் பொருள் தெரிந்துகொள்கிறோம்.

இரண்டு சொல்லில் வித்தியாசம்

இங்கிலீஷில் இப்படி விட்டுவிட முடியாது. சொல்லே மாறவேண்டும்.

மகனின் ஊகம்: "இஃப் இட் ஹேஸ் ரெயின்ட், த டேங்க் வில் ஹேவ் ஃபில்ட்."

தகப்பனாரின் ஏக்கம்: "இஃப் இட் ஹேட் ரெயின்ட், த டேங்க் வுட் ஹேவ் ஃபில்ட்."

"ஹேஸ்" என்பது "ஹேட்" ஆயிற்று. "வில்" என்பது "வுட்" ஆயிற்று. அவ்வளவுதான். ஆனால் "ஹேட்" என்றும் "வுட் ஹேவ்" என்றும் கேட்டவுடனே, "ஓகோ, அது நடக்கவில்லை" என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்துவிடுவார்.

இது சின்ன விஷயம் அல்ல. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பையன், "நான் தேறியிருந்தால் வேலையில் சேருவேன்" என்று இங்கிலீஷில் கடிதம் எழுத நினைக்கிறான். "இஃப் ஐ ஹேவ் பாஸ்ட்" என்று எழுதவேண்டும். "இஃப் ஐ ஹேட் பாஸ்ட்" என்று எழுதிவிட்டால்? "பையன் தேறவில்லை போலும்" என்று படிப்பவர் எண்ணிவிடுவார்!

வீட்டிலேயே இருக்கும் பாடம்

வேப்பந்தட்டையில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள், இந்த இலக்கணத்தின் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். பயம் எதற்கு? "படித்திருந்தால் தேறியிருப்பேன்" என்று சொல்லத் தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? கருத்து முன்பே தெரியும். இங்கிலீஷ்ச் சொல்லை அதில் பொருத்துவதுதான் பாக்கி.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. "ஹேட்" இருக்கவேண்டியது "இஃப்" பக்கத்தில். "வுட் ஹேவ்" இருக்கவேண்டியது மறுபக்கத்தில். "இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்" என்று பலர் எழுதுகிறார்கள். பரீட்சையில் அது தவறு. "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்" என்பதே சரி.

கோட்டை சொல்லும் உதாரணம்

உதாரணத்துக்கு லண்டன் போகவேண்டாம். பக்கத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 1751ஆம் ஆண்டில் வெள்ளைக்காரப் படைகள் மோதின. முகமது அலிக்குத் துணை ஆங்கிலேயர். சந்தா சாகிப்புக்குத் துணை பிரெஞ்சுக்காரர். ஆங்கிலப் படை திருச்சிக்குப் பின்வாங்கியது. திருச்சிக்கு வந்த நெருக்கடியைக் குறைக்க, அதே ஆண்டில் கிளைவ் போய் ஆற்காட்டைப் பிடித்தார்.

இதெல்லாம் நடந்தது. இனி மாற்றி நினைத்துப் பாருங்கள்: "ஆங்கிலப் படை பின்வாங்காதிருந்தால், கிளைவ் ஆற்காட்டுக்குப் போயிருக்கமாட்டார்." உண்மையா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பயிற்சிக்கு இதைவிட நல்ல வாக்கியம் ஏது?

ஆசிரியர்களே! சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன்பு, பிள்ளைகளைத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, "இது ஏக்கமா, ஊகமா?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, "ஹேட்" எங்கே வரும் என்பதையும் விரைவில் கற்றுக்கொள்ளும்.